கரையேறிய தோணிக்குக் கிடுகுக் கூரை

களுபோவிலவில் வாழும் எமக்குக் கடல் அடுத்த வீட்டுக்காரனைப் போன்றது. அவனை நாம் நாள்தோறும் காண்பதில்லை. ஆயினும் வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்று வலுத்ததும், தெகிவளைப் பக்கமிருந்து எழும் இரைச்சலே அவன் இருப்பை எமக்கு உணர்த்திவிடும். அந்நாட்களில் மாலைவேளையில் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை நோக்கி ரயில் பாதையோரமாக நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். மாசி பங்குனியில் நீர்மேல் ஆடிக்கொண்டிருந்த படகுகள் மணலேறி, ஒன்றையொன்று அணைத்தவாறு படுத்துக் கிடக்கும். சிலவற்றின்மேல் நீலநிறத் தறப்பாள் கிடக்கும். சிலவற்றின்மேல் எதுவும் இராது. முற்காலத்தில் அவற்றின்மேல் கிடந்தது தென்னங்கிடுகு ஒன்றே.

படகு ஓடுவதைப் பற்றி எழுதியோர் பலர். படகு ஓய்வதைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் மரக்கலம் ஒன்று பத்தாண்டு வாழுமா, ஐம்பதாண்டு வாழுமா என்பதை அது கடலில் கழிக்கும் நாட்களைவிடக் கரையில் கழிக்கும் நாட்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆதலின், ஓய்வுகொள்ளும் பாய்க்கலத்தைச் செலவு குறைந்த முறையில் மூடிக் காத்த வரலாற்றை எமது ஆண்டு மலர் வாயிலாக ஒருமுறை நினைவுகூர விரும்புகின்றோம். முதியோர் இதனைப் படித்துத் தாம் கண்டதை நினைத்துக்கொள்வர். இளைஞர் தாம் காணாததை அறிந்துகொள்வர்.

காற்றே எமக்குக் குளிர்காலம்

மேல்நாட்டார் பாய்ப்படகைக் கரையேற்றுவதற்குக் காரணம் பனி. இலையுதிர்காலம் முடியுமுன் படகை நீரிலிருந்து தூக்கி, சட்டம் அடித்து, கித்தான் விரித்து மூடிவிடுவர். உறைபனி கலத்தின் உள்ளே தங்கிய நீரைக் கட்டியாக்கிப் பலகையைப் பிளந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். எமது கடலில் பனி இல்லை. ஆனால் காற்று உண்டு. அக்காற்றும் ஒன்றன்று, இரண்டு.

யாழ்ப்பாணத்தார் சோளகம் என வழங்கும் தென்மேற்குக் காற்று ஏறத்தாழ வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் தாக்கும். வாடை எனப்படும் வடகீழ்க் காற்று ஐப்பசிக்குப் பின் மழையோடு வந்து, வடக்குக் கரையையும் கிழக்குக் கரையையும் மார்கழி தை வரை அலைக்கழிக்கும். ஆகவே இலங்கைத் தீவில் ஒரு பக்கத்துக் கடல் கொந்தளிக்கையில் மறுபக்கத்துக் கடல் அடங்கிக் கிடப்பது வழக்கம். இதனை நன்கறிந்த நீர்கொழும்பு மீனவர் தென்மேற்குக் காற்று எழுந்ததும் கிழக்கு, வடகிழக்குக் கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்து, காற்று மாறியதும் ஊர் திரும்பினர். உடன்கொண்டு செல்லமுடியாத கலங்கள் ஊர்க்கரையிலேயே தங்கின. அவற்றுக்குத்தான் கூரை வேண்டியதாயிற்று.

கொழும்புத் துறைமுகமும் இதற்கு விலக்கன்று. இன்று அலைதாங்கிச் சுவர்களுக்குள்ளே பெருங்கப்பல்கள் அமைதியாக நிற்பதைக் காணும் இளைஞர், அவ்விடம் ஒருகாலத்தில் தென்மேற்குக் காற்றுக்கு முற்றும் திறந்து கிடந்தது என்பதை அறியார். பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875 ஆம் ஆண்டு டிசெம்பர் 8 ஆம் திகதி தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வேலை 1885 இல் நிறைவெய்தியது. அதற்கு முன்னர் பருவக்காற்றுக் காலத்தில் பாய்க்கலங்கள் ஒதுங்குவதற்கு இங்கே தக்க மறைவு இருக்கவில்லை. வந்த கலம் காலத்தோடு புறப்பட வேண்டும். அன்றேல் கரையேற வேண்டும்.

மரத்தின் பகைவர்

கரையேறிய படகுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. கடலில் இருக்கும்போது பலகைக்குப் பெரும்பகைவன் மரத்தைத் துளைக்கும் கடற்புழு. கரையேற்றி உலரவிட்டால் அப்புழு மாண்டுபோகும். ஆனால் வேறு மூன்று பகைவர் அங்கே காத்திருக்கின்றனர்.

முதலாமவன் மழைநீர். உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும். நன்னீரோ மரத்தை உக்கச் செய்யும். மரத்தை உண்ணும் பூஞ்சணம் வளர்வதற்கு மரத்தில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரம் வேண்டும். படகின் அடிவயிற்றில் தேங்கும் மழைநீர் அந்த ஈரத்தைத் தாராளமாக வழங்கிவிடும். இரண்டாமவன் வெயில். மழை ஓய்ந்து எரிக்கும் வெயிலில் பலகை குறுக்குவாட்டில் சுருங்கும், பொருத்துகள் வாய்பிளக்கும். மறுபருவத்தில் கலத்தை நீரில் இறக்கும்போது அப்பிளவுகளூடாகத் தண்ணீர் புகும். பலகை ஊறிப் பருத்து இடைவெளி அடைபடும் வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாமவன் அசையாத காற்று. ஈரமும் வெப்பமும் வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடந்தால், மழைபடாத படகும் உள்ளிருந்தே உக்கிவிடும்.

இம்மூன்றையும் ஒருசேர எண்ணிப் பார்த்தால், நல்ல மூடி எப்படி இருத்தல் வேண்டும் என்பது தானே விளங்கும். அது மழையைத் தடுக்க வேண்டும். வெயிலைத் தணிக்க வேண்டும். ஆனால் காற்றை விட வேண்டும். குடை வேண்டும், பெட்டி வேண்டாம். இவ்வளவே அதன் தத்துவம்.

ஒரு கிரேக்க உழவனின் புத்திமதி

இத்தத்துவம் ஒரு நாட்டாருக்கே உரியதன்று. கி.மு. 700 ஐ அடுத்து வாழ்ந்த கிரேக்கப் புலவர் ஹெசியோட், தாம் பாடிய 'வேலைகளும் நாட்களும்' என்னும் நூலில் தம் தம்பிக்குக் கூறும் அறிவுரைகளுள் படகைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கும் முறையும் ஒன்று. காற்றுகள் சீறும் பருவத்தில் கலத்தைக் கடலில் விடாதே. அதனைக் கரைக்கு இழுத்து, சுற்றிலும் கல் அடுக்கி நிறுத்து. அடித்தக்கையைக் கழற்றிவிடு, இல்லையேல் மழைநீர் தேங்கிப் பலகையை உக்கச் செய்யும். பாயை ஒழுங்காக மடித்து வீட்டுக்குள் வை. சுக்கானைப் புகை படும் இடத்தில் தொங்கவிடு. கடலேறும் காலம் வரும்வரை பொறுத்திரு என்பது அவ்வறிவுரையின் சாரம்.

இதில் ஒரு காசுச் செலவும் இல்லை என்பதை வாசகர் கவனிப்பாராக. கல் கரையில் கிடப்பது. புகை அடுப்பில் எழுவது. தக்கையைக் கழற்ற விரல் போதும். இருபத்தேழு நூற்றாண்டுகளின் பின்னரும் படகை ஒதுக்கிவைப்போர் முதலிற் செய்யவேண்டிய காரியம் அடித்தக்கையைக் கழற்றுவதே. வந்த நீர் போக வழி இருக்குமாயின், பாதி வேலை முடிந்தது.

எம்முன்னோரும் கலத்தை நிறுத்தும் ஒழுங்கைப் பொருட்படுத்தியவரே. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப்போலத் தறிகளில் வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்தமை கூறப்படுகின்றது. குதிரைக்குக் கொட்டில் எப்படியோ, படகுக்குத் துறை அப்படி. உழைத்த உயிருக்கு ஓய்விடம் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்த உவமையிலேயே அடங்கியுள்ளது.

கிடுகின் திறம்

இனி எமது கிடுகுக்கு வருவோம். தென்னோலையை நடு ஈர்க்கோடு இரண்டாகப் பிளந்து, சில நாள் நீரில் ஊறவைத்து, இலைகளை மாறிமாறிப் பின்னினால் கிடுகு ஆயிற்று. உவர்நீரில் ஊறிய ஓலை நீண்டநாள் உழைக்கும் என்பது அனுபவமுள்ளோர் கூற்று. ஆங்கிலேயர் இதனைக் 'கஜான்' என்றனர். அச்சொல் மலாய் மொழியின் 'கஜாங்' என்பதிலிருந்து வந்தது. மலாய்க்காரர் ஓலையால் முடைந்து படகின்மேல் கவிக்கும் கூரையையும் அப்பெயராலேயே வழங்குவர். வீட்டுக் கூரைக்கும் வேலிக்கும் உரிய பொருளென நாம் கருதும் ஒன்றின் பெயரே பிறிதொரு நாட்டில் படகின் கூரையைக் குறித்து நிற்பது சிந்திக்கத் தக்கது.

கிடுகால் படகை மூடும் முறை எளிது. முதலில் தென்னங்குற்றிகளை மணலில் இட்டு, கலத்தின் அடிமரம் ஈரமண்ணைத் தொடாதவாறு ஏற்றி நிறுத்துவர். தரையைத் தொட்ட மரத்தைக் கறையான் விடாது. பின்னர் முன்னணியமும் பின்னணியமும் சற்றே ஏற்ற இறக்கமாக இருக்குமாறு சாய்த்து, நீர் ஒரு பக்கம் வடிய வழி செய்வர். கலத்தின் நெடுகிலும் நடுவே ஒரு கம்பை முகடாகக் கட்டி, அதிலிருந்து இருபுறமும் வரிச்சுகள் இறக்கி, கீழிருந்து மேலாகக் கிடுகை வேய்வர். மேலுள்ள கிடுகு கீழுள்ளதன்மேல் மீன்செதில் போலப் படிந்து வரும். முகட்டில் மட்டும் இரட்டையாகப் போட்டுத் தும்புக் கயிற்றால் இறுக்குவர். ஓரங்களில் கல்லோ மணற்சாக்கோ தொங்கவிட்டால் காற்று தூக்காது. இரு நுனிகளையும் அடைப்பதில்லை. காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் போகும்.

இக்கூரை ஓராண்டோ, மிஞ்சினால் இரண்டாண்டோ நிற்கும். அதனைக் குறையெனக் கருதுவோர் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. கிடுகு உக்கும், ஆகவே ஆண்டுதோறும் அதனை மாற்ற வேண்டும். மாற்றுவதற்குப் படகின் அருகே செல்ல வேண்டும். அருகே சென்றவன் கண்ணில் எந்தப் பொருத்து வாய்திறந்தது, எந்தப் பலகை மெலிந்தது என்பது தவறாமற் படும். குங்கிலியம் வைக்க வேண்டிய இடத்தில் குங்கிலியம் வைப்பான். சுறா எண்ணெய் பூச வேண்டிய இடத்தில் சுறா எண்ணெய் பூசுவான். அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்து அப்புவான். மலிவான மூடியின் பெரும்பயன், அது உரிமையாளனை ஆண்டுக்கொருமுறை படகிடம் அழைத்து வருவதே.

பிற துறைகளின் வழக்கு

மூடாமலே காக்கும் வழிகளும் உள. சோழமண்டலக் கரையில் கட்டுமரம் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர விடுவர். கட்டு அவிழ்ந்தால் ஈரம் தங்க இடமில்லை. மரத்தைக் குடைந்து செய்த சிறு வள்ளங்களை உப்பங்கழிகளில் வேண்டுமென்றே நீரில் அமிழ்த்தி வைக்கும் வழக்கமும் உண்டு. வெயில் படாத மரம் வெடிப்பதில்லை. கேரளத்துச் சுண்டன் வள்ளங்களுக்கோ தனியே கொட்டில் உண்டு. ஓட்டப் பருவம் முடிந்ததும் வள்ளத்தை அதனுள் ஏற்றி, மீனெண்ணெய் பூசிப் பேணுவர். அவ்வள்ளம் ஒருவருக்கு உரியதன்று, ஊருக்கு உரியது. பேணும் செலவும் ஊராருடையது.

குஜராத்துக் கரையில் தென்மேற்குப் பருவம் முழுதும் பாய்க்கலங்கள் ஒதுங்கிக் கிடக்கும். நாம் ஆவணி அவிட்டம் கொண்டாடும் காலத்துப் பௌர்ணமியன்று அங்குள்ளோர் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து வழிபட்டு, அதன்பின்னரே கலத்தை நீரில் இறக்குவர். நாரியல் பூர்ணிமா என்பது அந்நாளின் பெயர். ஓய்வுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வகுத்து, அம்முடிவை வழிபாட்டோடு பிணைத்தமை எம் சமயத்தாரின் நுண்ணறிவைக் காட்டும். நாள் குறிக்கப்பட்டுவிட்டால், அந்நாளுக்குள் கலம் ஆயத்தமாக வேண்டுமன்றோ!

தென்னிலங்கையில் 'யாத்திரா தோணி' என ஒரு பெருங்கலம் இருந்தது. பக்கமரம் பூட்டி, பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்து அமைத்த கலம் அது. அதன் பண்டப்பகுதிக்குமேல் ஓலைக் கூரை உண்டு; ஓய்வில் மட்டுமன்றி ஓட்டத்திலும் அது கூரையோடேயே சென்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வினம் மறைந்தொழிந்தது. இன்று அதன் உருவை அறிய விரும்புவோர் தொடந்துவையில் உள்ள குமாரகந்த விகாரையில் பேணப்படும் சிறு மாதிரியைத்தான் நோக்க வேண்டும். ஒரு கலத்தினம் முழுவதும் அழிந்து, அதன் பொம்மை மட்டும் எஞ்சியது. தொழில் நின்றதும் கலம் நின்றது. கலம் நின்றதும் அதனை வேயும் கையும் நின்றது.

கூரையால் பிழைத்த கப்பல்

கூரை ஒன்று கப்பலைக் காத்த கதைக்குச் சிறந்த சான்று ஸ்கொத்லாந்தில் உள்ளது. நெப்போலியப் போர்கள் முடிந்தபின் ஆங்கிலேயக் கடற்படைக்குக் கப்பல்கள் மிஞ்சின; சண்டை குறைந்தது. ஆகவே பல கப்பல்களைப் பாய்மரமின்றித் துறையில் ஒதுக்கி வைத்தனர். 1824 இல் சத்தம் என்னும் துறையில் நீரிலிறக்கப்பட்ட 'யூனிகோன்' என்னும் போர்க்கப்பல் கடலோடுவதற்கு ஆயத்தம் செய்யப்படவே இல்லை. மேற்றளத்தின்மீது மரக்கூரை அமைத்து அப்படியே நிறுத்திவிட்டனர். 1873 இல் அது டண்டி நகருக்குச் சென்றது. இன்றும் அங்கே அக்கூரையோடேயே நிற்கின்றது. உலகில் மிகவும் சிதைவுறாது எஞ்சிய மரக்கப்பல்களுள் அதுவும் ஒன்று. போர் செய்து புகழ் பெற்ற எத்தனையோ கப்பல்கள் உக்கி விறகாயின. போரே காணாத யூனிகோன் ஒரு கூரையின் புண்ணியத்தால் இரு நூற்றாண்டு கடந்து நிற்கின்றது.

அதே வகுப்பைச் சேர்ந்த மற்றொரு கப்பலின் பெயர் எமக்கு மிகவும் உரியது. 'திருகோணமலை' என்னும் எமது ஊரின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. இங்கிலாந்தில் கருவாலி மரம் அருகியமையால், பம்பாயில் பார்சிக் கப்பற்றச்சராகிய வாடியா குடும்பத்தாரிடம் தேக்கு மரத்தால் அதனைக் கட்டுவித்தனர். 1817 ஒக்ரோபர் 12 ஆம் திகதி அது நீரிலிறங்கியது. 1819 இல் போட்ஸ்மத் துறையை அடைந்ததும் அதுவும் ஒதுக்கி வைக்கப்பட்டு, 1845 வரை ஓய்விலேயே கிடந்தது. இருபத்தாறாண்டு ஓய்வின் பின்னரும் பழுது பார்த்துக் கடலில் விடத்தக்க நிலையில் இருந்தமைக்குத் தேக்கின் உறுதி ஒரு காரணம். முறையான பேணல் மற்றொரு காரணம். இன்று அக்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் காட்சிக்கு நிற்கின்றது.

வல்வையின் அன்னபூரணி

எமது வடபுலத்து மரக்கலங்களுக்கும் இவ்விதமான வரலாறு உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இருபாய்மரக் கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும் அப்பாலும் வாணிகம் செய்தன. வாடைக்காற்று வலுத்ததும் வடகரை கொந்தளிக்கும். தீவுகளின் மறைவில் அமைந்த ஊர்காவற்றுறை போன்ற இடங்களே கலங்களுக்குப் புகலாகும். பாயைக் கழற்றி, மடித்து, உலர்ந்த இடத்தில் வைப்பதும், கயிறுகளைச் சரிபார்ப்பதும், பொருத்துகளை அடைப்பதும் அந்த ஓய்வு நாட்களின் வேலை.

1928 தொடக்கம் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன், பின்னர் வல்வெட்டித்துறைக் கப்பலாகிய 'அன்னபூரணி'யை விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் புதுப்பெயர் பெற்ற அக்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளின் கையால் ஓட்டப்பட்டு, 1938 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. சோளகத்தையும் வாடையையும் எண்ணிக் கட்டிய கலம், பனி பெய்யும் நாட்டுத் துறையில் நங்கூரமிட்டது. அங்குள்ளோர் படகைக் கித்தானால் மூடுவதற்கும், எம்மவர் கிடுகால் மூடுவதற்கும் பொருளில்தான் வேறுபாடு, கருத்தில் வேறுபாடில்லை.

நாமே செய்த பிழை

ஏட்டில் படித்தவற்றை மட்டும் எழுதிச் செல்வது முறையன்று. எம் கையால் பட்டதையும் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாமும் அன்பர் சிலரும் சேர்ந்து, பொல்கொடை ஏரியில் ஓட்டுவதற்கென ஒரு பழைய மரப் பாய்ப்படகைக் குறைந்த விலைக்கு வாங்கினோம். மழைக்காலம் வந்ததும் அதனைக் கரையேற்றி, புதிதாக ஒரு பிளாஸ்ரிக் தறப்பாளை விலை கொடுத்து வாங்கி, அடியிலிருந்து நுனிவரை சுற்றி, ஓர் ஈயும் புகாதபடி கயிற்றால் வரிந்து கட்டினோம். எம் திறமையை நாமே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினோம்.

மூன்று மாதம் சென்று அவிழ்த்துப் பார்த்தபோது, உள்ளே வேர்வை வழிந்துகொண்டிருந்தது. மழையில் ஒரு துளியும் புகவில்லை. ஆனால் மரத்தின் ஈரமும் மண்ணின் ஆவியும் வெளியேற வழியின்றித் தறப்பாளின் உட்புறத்தில் நீராகி, மீண்டும் படகின்மேலேயே சொட்டியிருந்தன. தளப்பலகைகளில் பூஞ்சணம் வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்திருந்தது. இரண்டு பலகைகளை மாற்ற வேண்டியதாயிற்று. அதனைப் பார்த்த மொறட்டுவைத் தச்சர் ஒருவர், "குழந்தையைக் குளிருக்குப் போர்த்தலாம், மூக்கைப் பொத்தலாமா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே தறப்பாளை வேறுவிதமாகப் பயன்படுத்தினோம். படகைக் குற்றிமேல் ஏற்றினோம், அடித்தக்கையைக் கழற்றினோம், மூங்கிலால் முகடு கட்டி, தறப்பாளை அதன்மேல் இட்டு, படகின் விளிம்புக்கும் தறப்பாளுக்கும் இடையே ஒரு சாண் வெளி விட்டோம், முனை இரண்டையும் திறந்தே வைத்தோம், தறப்பாள் உராயும் இடங்களில் பழஞ்சாக்கைச் சுற்றினோம், பாயை வீட்டுக்குக் கொண்டுசென்று உலர்த்தி மடித்தோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் சென்று பார்த்து, குழிந்த இடத்தில் தேங்கிய நீரை வடித்துவிட்டார். புதிதாகச் செலவிட்டது மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் மட்டுமே. அவ்வாண்டு பூஞ்சணம் தோன்றவில்லை.

1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு தோன்றிய சீ-நோர் நிறுவனம் காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டலாயிற்று. நாளடைவில் இலங்கைக் கரை முழுதும் அவ்வகைப் படகுகளே பெருகின. கண்ணாடியிழை உக்காது என்பது உண்மை. ஆயினும் வெயில் அதன் மேற்பூச்சை வெளுக்கச் செய்யும். தேங்கிய நீர் அதனுள் இருக்கும் மரத்துண்டுகளையும் பொருத்துகளையும் கெடுக்கும். ஆகவே புதிய படகுக்கும் பழைய குடை வேண்டியதே.

திரும்பி வராத பருவம்

இவ்விடத்தில் மனத்தை அழுத்தும் ஒன்றைக் கூறாது செல்ல இயலாது. காற்று தரும் ஓய்வுக்கு முடிவு உண்டு. சோளகம் தணியும் மாதமும் வாடை தணியும் மாதமும் எவருக்கும் தெரியும். அதனை நம்பித்தான் ஓராண்டே நிற்கும் கிடுகால் கலத்தை மூடினர். போர் தந்த ஓய்வுக்கு அத்தகைய முடிவு தெரியவில்லை.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மயிலிட்டி மக்கள் தம் ஊரை விட்டு வெளியேறினர். வடபுலத்தின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்று அவ்வூர். அத்துறை மீண்டும் மக்கள் கைக்கு வந்தது 2017 ஆடி மாதத்தில். இடையே இருபத்தேழு ஆண்டுகள். எந்தக் கிடுகு இருபத்தேழு ஆண்டு நிற்கும்? எந்தப் பலகை எண்ணெய் காணாது இருபத்தேழு ஆண்டு தாங்கும்? யூனிகோன் கப்பலுக்குக் கூரையும் இருந்தது, கூரையைப் பார்க்க ஆளும் இருந்தனர். இங்கே ஆளும் இல்லை. அதே ஆண்டுகளில் படகுக்கு விரிக்க வேண்டிய தறப்பாளின்கீழ் மனிதர் குடியிருந்தனர். வடக்கிலிருந்து வந்து இன்று களுபோவிலவிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தறப்பாள் என்னும் சொல்லைக் கேட்டதும் நினைவில் எழுவது படகன்று, முகாம்.

படகு அழிந்தது மரத்தின் இழப்பு மட்டுமன்று. தந்தை கிடுகு வேயும்போது மகன் அருகே நின்று கயிறு பிடித்துக் கொடுப்பான்; அப்படியே எந்தப் பொருத்தை எப்படி அடைப்பது என்பதையும் கற்றுக்கொள்வான். அந்த வகுப்பறை மூடப்பட்டுவிட்டது. ஒரு தலைமுறை கரையை விட்டு அகன்று வளர்ந்தது. துறை திரும்பி வந்தபோது கடல் இருந்தது. கற்றுக்கொடுக்கும் கைகள் பல இல்லை.

ஆதலின் எமது இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்குச் செல்கையில், கரையில் ஒரு முதியவர் படகருகே அமர்ந்திருக்கக் கண்டால், சற்று நின்று பேசுங்கள். "ஐயா, இதை எப்படி மூடுவீர்கள்? ஏன் இந்த நுனியைத் திறந்து விட்டீர்கள்?" என்று கேளுங்கள். கிடுகு ஒன்றைப் பின்னிப் பாருங்கள். அவர் சொல்வதைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டு மலருக்கு எழுதுங்கள். அது பெரிய ஆராய்ச்சியாக இராவிடினும், எங்கும் எழுதப்படாத அறிவாக இருக்கும்.

நாம் கண்ட வரலாற்றின் முடிவு இதுவே: படகைக் காத்தது கிடுகு அன்று, ஆண்டுதோறும் கிடுகை மாற்ற வந்த கை. ஹெசியோட் தம்பிக்குச் சொன்னதும், குஜராத்தார் தேங்காய் சமர்ப்பித்துக் குறித்ததும், எம் கரையோரத்தார் ஓலை வேய்ந்து செய்ததும் ஒன்றே. மலிவான மூடி போதும். ஆனால் அதனை இட்டவர் திரும்பி வர வேண்டும். இவ்வாண்டு சோளகம் தணிந்து, தெகிவளைக் கரையில் படகுகள் மீண்டும் நீரில் இறங்கும் நாளில், ஒருமுறை அவ்வழி சென்று பாருங்கள். கூரை கழற்றிய கலம் கடலைத் தொடும் அக்காட்சி எவர் மனத்தையும் நிறைவிக்கும்.